அப்பாவிடமிருந்து போனைப் பிடுங்காதீர்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 71 வயது. அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வாரத்துக்கு முன்பு, அவர் பெயரில் மும்பையிலிருந்து போன பார்சலில் போதைப்பொருள் இருந்ததாக ஒரு போன் வந்திருக்கிறது. அப்புறம் போலீஸ் உடையில் ஒருவர் வாட்ஸ்அப் வீடியோவில் வந்து, ‘உங்களை டிஜிட்டல் அரெஸ்ட் செய்திருக்கிறோம்’ என்று சொல்லி இரண்டு நாள் மிரட்டியிருக்கிறார். அம்மாவிடம்கூட அப்பா வாய் திறக்கவில்லை. எஃப்.டி.யை உடைத்து, இரண்டு தவணையாக 14 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் அனுப்பிவிட்டார். மறுநாள்தான் எங்களுக்குத் தெரிந்தது. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசிப் புகார் கொடுத்தோம். பணம் வருமா? இவ்வளவு படித்தவர் எப்படி ஏமாந்தார்? அண்ணன் கோபத்தில் கத்திவிட்டான். அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரிடமும் பேசுவதில்லை. இனி அவர் கையில் போனே வேண்டாம் என்கிறான் அண்ணன். என்ன செய்வது?
– ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முப்பது வருடத்துக்கு மேல் வங்கியில் வேலை பார்த்து, கிளை மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கடிதத்தில் பணத்தைப் பற்றிய கேள்விதான் முதலில் இருக்கிறது. நான் கடைசியில் நீங்கள் எழுதியிருப்பதிலிருந்து தொடங்குகிறேன். அப்பா சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை என்கிறீர்கள். இன்றைக்கு வீட்டில் முதலில் கவனிக்க வேண்டியது அதைத்தான். சேமிப்பு போனதைவிட, பிள்ளைகள் முன்னால் தலைகுனிந்து நிற்கிறோமே என்பது அந்த வயதில் ஆளை உள்ளே அரித்துவிடும். கொஞ்ச நாளைக்கு அவரைத் தனியாக விடாதீர்கள். அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ‘கத்தினது தப்புப்பா’ என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். ‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’ என்கிற மாதிரி அவர் ஏதாவது சொன்னால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 14416 என்பது மத்திய அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அவர் பேச மறுத்தால் நீங்கள் பேசி, எப்படி நடந்துகொள்வது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

‘இவ்வளவு படித்தவர் எப்படி ஏமாந்தார்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். அவரிடம் நேரடியாக இப்படிக் கேட்டுவிடாதீர்கள். பதிலை நான் சொல்கிறேன்.

உங்கள் அப்பா பணிக்காலம் முழுக்க முத்திரை போட்ட கடிதத்துக்கு மதிப்புக் கொடுத்து வாழ்ந்தவர். ஒரு மெமோகூட வாங்காமல் ஓய்வு பெற்றிருப்பார். சட்டத்தை ஏய்த்துப் பழகியவனுக்குப் போலீஸ் என்றதும் பயம் வராது, பேரம்தான் வரும். ஒழுங்காக வாழ்ந்தவருக்குத்தான் தன் பெயரில் வழக்கு என்றதும் கை நடுங்கும். இந்தக் கும்பல் குறி வைப்பது அந்த ஒழுக்கத்தைத்தான்.

முதல் ஐந்து நிமிடத்தில் அவருடைய ஆதார் எண்ணை அவர்களே சொல்லியிருப்பார்கள். சிம் வாங்க, ரூம் எடுக்க, லோன் கேட்க என்று எத்தனையோ இடத்தில் ஆதார் ஜெராக்ஸ் கொடுத்திருக்கிறோம். அது எங்கெங்கோ போகிறது, விலைக்கும் விற்கப்படுகிறது. ஆனால் கேட்கிறவருக்கு, ‘நம் எண் இவர்களுக்குத் தெரிகிறது என்றால் உண்மையான போலீஸ்தான்’ என்று தோன்றிவிடும். பிறகு வீடியோவில் காக்கிச் சட்டை, பின்னால் காவல் நிலையம் மாதிரி ஒரு செட், வாக்கிடாக்கி சத்தம், ரிசர்வ் வங்கி முத்திரையோடு ஒரு கடிதம், உச்ச நீதிமன்றத்தின் பெயரில் ஓர் உத்தரவு. ‘இது ரகசிய விசாரணை, குடும்பத்தில் யாருக்காவது சொன்னால் அவர்களும் குற்றவாளி’ என்பார்கள். மனைவியும் பிள்ளைகளும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் அப்பா வாய் திறக்கவில்லை. அவர் உங்களை ஏமாற்றவில்லை, காப்பாற்றுவதாக நினைத்திருக்கிறார். இதை அண்ணனுக்குப் படித்துக் காட்டுங்கள்.

2024இல் லூதியானாவில் பெரிய நூற்பாலைக் குழுமம் ஒன்றின் தலைவர், 82 வயது, பத்ம பூஷண் வாங்கியவர், இதே மிரட்டலில் 7 கோடி ரூபாய் இழந்தார். வீடியோவில் உச்ச நீதிமன்ற விசாரணை மாதிரியே ஒரு நாடகம் நடத்தி, தலைமை நீதிபதி என்று ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள். புகார் போன பிறகு போலீஸ் விரைந்து செயல்பட்டதில் 5 கோடியே 25 லட்சம் மீட்கப்பட்டது. 2025 அக்டோபரில், அம்பாலாவைச் சேர்ந்த ஒரு முதிய தம்பதியின் புகாரைப் பார்த்து உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து இந்த மோசடிகளை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. தன் பெயரிலேயே போலி உத்தரவுகள் தயாராகின்றன என்பதை நீதிமன்றம் அவ்வளவு கடுமையாகப் பார்த்தது. இந்தச் செய்திகளை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினால், தான் ஒருவர் மட்டும் முட்டாளாகிவிட்டோம் என்ற எண்ணம் கொஞ்சமாவது தணியும்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் மேலாளராக இருந்தபோது, எங்களிடம் நெடுநாள் கணக்கு வைத்திருந்த ஒரு பெரியவர் காலையில் வந்து எஃப்.டி.யை உடைக்க வேண்டும் என்றார். எதற்கு ஐயா என்று கேட்டேன். பேத்திக்கு நிலம் பார்த்திருக்கிறோம் என்றார். சட்டைப் பையில் போன் இருந்தது. அதன் கேமரா பையின் விளிம்புக்கு மேலே எட்டிப் பார்த்தபடி இருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பத்தே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுப் பணத்தை அனுப்பிவிட்டேன். நிலம் என்று சொல்லச் சொன்னதே அந்தப் போனில் இருந்தவன்தான் என்பது ஒரு வாரம் கழித்துத் தெரிந்தது.

அதற்குப் பிறகு இன்னொரு நாள் ஓர் அம்மா வந்தார். கையில் போனைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார். முகம் வெளிறி, நெற்றியெல்லாம் வியர்வை. நான் வாயைத் திறக்காமல் ஒரு செலானைத் திருப்பி, ‘யாராவது மிரட்டுகிறார்களா?’ என்று எழுதி அவர் முன்னால் நகர்த்தினேன். அவர் அதைப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் மெதுவாகத் தலையை ஆட்டினார். கண்ணீர் செலான் மேலே விழுந்தது. அந்தப் போனை வாங்கி நான் அணைத்ததும் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் ஒரு பைசா போகாமல் தப்பித்தார். எதிரே ஒரு மனிதர் இருந்து கேட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் அப்பாவுக்கு அந்த இரண்டு நாளில் அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

சரி, பணத்துக்கு வருவோம்.

நடந்தது இப்படித்தான் இருந்திருக்கும். அப்பா அனுப்பிய தொகை முதலில் ஏதோ ஒரு மாநிலத்தில், யாரோ ஒருவர் பெயரில் உள்ள கணக்குக்குப் போயிருக்கும். அங்கிருந்து சில நிமிடங்களில் பத்து, இருபது கணக்குகளாகப் பிரியும். அவை ஒவ்வொன்றிலிருந்தும் மறுபடி பிரியும். கொஞ்சம் ஏ.டி.எம்.மில் ரொக்கமாக எடுக்கப்படும், கொஞ்சம் கிரிப்டோவாக மாறி நாட்டை விட்டுப் போகும். நீங்கள் 1930க்குச் சொன்னதும், அப்பாவின் வங்கியிலிருந்து பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்த வங்கிக்குத் தகவல் போகிறது. மிச்சம் இருப்பதை யாரும் எடுக்க முடியாதபடி அந்த வங்கி ஹோல்டு போடும். இல்லையென்றால் அடுத்து எங்கே போனது என்று பார்த்து, அந்த வங்கிக்குத் தகவல் நகரும். பணம் முன்னே ஓட, புகார் பின்னே துரத்துகிறது. அதனால்தான் முதல் ஒரு மணி நேரம் முக்கியம் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

உங்கள் விஷயத்தில் ஒரு நாள் கடந்துவிட்டது. முழுத் தொகையும் வரும் என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் ஒன்றும் வராது என்றும் முடிவு கட்டாதீர்கள். இரண்டாவது தவணையில் ஒரு பகுதி ஏதாவது ஒரு கணக்கில் சிக்கியிருக்க வாய்ப்பு உண்டு. 1930இல் பதிந்ததோடு வேலை முடிந்தது என்று பலர் வீட்டில் காத்திருப்பார்கள். நீங்கள் அப்படி இருக்க வேண்டாம். மாவட்டத் தலைநகரில் சைபர் கிரைம் காவல் நிலையம் இருக்கிறது. புகாரின் ஒப்புகை எண், வங்கி ஸ்டேட்மென்ட், இரண்டு பரிமாற்றங்களுக்கும் வங்கி தந்த அடையாள எண்ணான யூ.டி.ஆர். நம்பர், அந்த வாட்ஸ்அப் உரையாடல், அவர்கள் அனுப்பிய போலிக் கடிதங்கள், அழைப்பு வந்த எண்கள் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். அவமானமாக இருக்கிறது என்று அப்பா அந்த உரையாடலை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதுதான் சாட்சி. எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் நகல் வாங்குங்கள், இல்லையென்றால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்காமல் திரும்ப வேண்டாம்.

அங்கே நீங்கள் கேட்க வேண்டியது: ‘எங்கள் புகாரில் இதுவரை எவ்வளவு தொகை ஹோல்டு ஆகியிருக்கிறது? எந்தெந்த வங்கியில்?’ இந்தத் தகவலைக் கேட்காமலே மாதக்கணக்கில் இருந்துவிடுகிறவர்கள் நிறைய. ஹோல்டு ஆன பணம் தானாக உங்கள் கணக்குக்கு வந்துவிடாது. பெரும்பாலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டு, அதை விடுவிக்க உத்தரவு வாங்க வேண்டியிருக்கும். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503ஆவது பிரிவில் அதற்கு வழி இருக்கிறது. வக்கீல் செலவுக்கு யோசித்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுப் பாருங்கள்.

வங்கிக்கும் எழுத்தில் ஒரு புகார் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். ஆனால் இதில் பொய்யான நம்பிக்கை வேண்டாம். மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்கு நஷ்டமில்லை என்று ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கையைச் சிலர் உங்களுக்குக் காட்டுவார்கள். அது, வாடிக்கையாளர் செய்யாத பரிமாற்றத்துக்கு. மிரட்டலில்தான் என்றாலும், அப்பா தானே அனுப்பியதால் அந்த விதி இங்கே நேராகப் பொருந்தாது. இருந்தும் கேளுங்கள்: 71 வயதுக்காரர் இரண்டு நாளில் எஃப்.டி.யை உடைத்து, முன்பின் தெரியாத கணக்குக்கு இவ்வளவு பெரிய தொகையை அனுப்பும்போது யாராவது விசாரித்தார்களா? 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மனுக்குப் போகலாம். 14448 என்ற எண்ணில் வழிமுறை கேட்டுக்கொள்ளலாம். நிலம் என்ற பதிலோடு விடாமல் நான் அன்று துருவிக் கேட்டிருந்தால் அந்தப் பெரியவரின் பணம் தப்பியிருக்கும். அதனால்தான் சொல்கிறேன், வங்கியிடம் இதைக் கேட்பதில் தவறே இல்லை.

இன்னொரு எச்சரிக்கை, இதைத் தவறவிடாதீர்கள். சீக்கிரமே உங்கள் வீட்டுக்கு வேறொரு போன் வரலாம். ‘சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணம் கிடைத்துவிட்டது, பிராசசிங் ஃபீஸ் 18 ஆயிரம் கட்டினால் ரிலீஸ் செய்துவிடுவோம்’ என்பார்கள். பேசுகிறவர் வக்கீலாகவோ, ஹேக்கராகவோகூடத் தன்னைச் சொல்லிக்கொள்வார். ஒருமுறை ஏமாந்தவர்களின் எண்கள் பட்டியலாகவே இந்தக் கும்பல்களுக்குள் கைமாறுகின்றன. போன பணத்தை எப்படியாவது மீட்டு மானத்தைக் காப்பாற்றிவிட வேண்டும் என்று தவிக்கிற அப்பா அதில் விழுவது மிக எளிது. பணத்தை மீட்டுத் தர முன்பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் திருடர். புகார் விஷயமாக எந்தப் போன் வந்தாலும், ‘ஸ்டேஷனுக்கு நேரில் வருகிறோம்’ என்ற ஒரே பதிலைச் சொல்லச் சொல்லுங்கள்.

அப்பா மறுபடி அந்தப் பயத்தில் சிக்காமல் இருக்க, ஒரு வங்கிக்காரனாக நான் சொல்லக்கூடியது இது. உங்கள் பணத்தின் மேல் அரசுக்கு உண்மையிலேயே சந்தேகம் வந்தால், அது உங்களிடம் பணத்தை அனுப்பச் சொல்லாது. எங்களுக்கு, அதாவது வங்கிக்கு, கடிதம் எழுதும். நாங்கள் கணக்கை முடக்குவோம். பணம் இருந்த இடத்திலேயே, உங்கள் பெயரிலேயே கிடக்கும். அமலாக்கத் துறையோ, சி.பி.ஐ.யோ, வருமான வரித் துறையோ, கணக்கை முடக்கச் சொல்லி எங்கள் மேசைக்கு எத்தனையோ கடிதங்கள் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். ‘சரிபார்க்க வேண்டும், பணத்தை வேறு கணக்குக்கு மாற்றி விடுங்கள், 72 மணி நேரத்தில் திருப்பித் தருவோம்’ என்று ஒரு கடிதத்தையும் பார்த்ததில்லை. ‘சரிபார்ப்பதற்காகப் பணம் அனுப்பு’ என்ற வார்த்தை காதில் விழுந்த அந்த நொடியில் போனை வைத்துவிடலாம். எதிரே இருப்பவர் யார் என்று அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை.

சட்டமும் அப்படித்தான். டிஜிட்டல் அரெஸ்ட் என்று நம் சட்டத்தில் ஒன்றுமே கிடையாது. 2024 அக்டோபர் வானொலி உரையில் பிரதமரே இதைச் சொன்னார். கைது என்றால் போலீஸ் நேரில் வந்து ஆளைத் தொட்டோ, காவலில் எடுத்தோதான் செய்ய முடியும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தலைமை ஆசிரியரிடம் வெறுமனே ‘பயப்படாதீர்கள்’ என்று சொன்னால் ஒட்டாது. இந்த விதியை எடுத்துச் சொன்னால் மனதில் நிற்கும்.

இனி போன் விஷயம். அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் போனைப் பிடுங்கினால், ‘நீ இனி பெரிய மனுஷன் இல்லை’ என்று அவரிடம் சொன்ன மாதிரி ஆகிவிடும். பேரப்பிள்ளைகள் முகம் பார்ப்பதும், பழைய சக ஆசிரியர்களோடு பேசுவதும் அதில்தானே? இந்தக் கும்பல் அப்பாவைச் சாய்த்ததே அவரைத் தனியாள் ஆக்கித்தான். மறுபடி நாமே அவரைத் தனியாள் ஆக்கக் கூடாது. அதற்குப் பதிலாக வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வழக்கம் வையுங்கள். பத்தாயிரத்துக்கு மேல் புதிய ஆளுக்குப் பணம் அனுப்புவதென்றால், அனுப்புவதற்கு முன் வீட்டில் இன்னொருவரிடம் சொல்ல வேண்டும். அண்ணனுக்கும் இதே விதி, உங்களுக்கும் இதே விதி. அப்பாவுக்கு மட்டும் என்று வைத்தால் அது தண்டனையாகிவிடும். அண்ணன் ஒரு நாள் அப்பாவுக்குப் போன் செய்து, ‘அப்பா, ஒருத்தருக்கு இருபதாயிரம் அனுப்பணும், சரியா இருக்கா பாருங்க’ என்று கேட்கட்டும். அதில் அவர் பாதி தேறிவிடுவார்.

மிச்சம் இருக்கிற சேமிப்பை அப்பா, அம்மா இருவர் பெயரிலும் எஃப்.டி.யாகப் போடுங்கள். முதிர்வுக்கு முன் உடைக்க இருவர் கையெழுத்தும் தேவை என்று இருக்கட்டும், போடும்போதே கிளையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். போனிலேயே இரண்டு தட்டலில் உடைக்கக்கூடிய ஆன்லைன் எஃப்.டி. அவர்களுக்கு வேண்டாம். ஓய்வூதியம் வரும் கணக்கைத் தனியாக வைத்து, நெட் பேங்கிங்கிலும் யூ.பி.ஐ.யிலும் ஒரு நாளுக்கான வரம்பைக் குறைத்துவிடலாம். வாட்ஸ்அப்பில் தெரியாத எண்களின் அழைப்பு மணி அடிக்காமல் செய்யும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. அதை அவருக்குக் காட்டி, அவர் கையாலேயே மாற்றச் சொல்லுங்கள். நம் போனை வேறொருவர் தூரத்திலிருந்து பார்க்கவும் இயக்கவும் விடும் எனிடெஸ்க் மாதிரி ஏதாவது ஆப்பை அந்தக் கும்பல் ஏற்ற வைத்திருக்கிறதா என்றும் பார்த்து, இருந்தால் நீக்கிவிடுங்கள். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்புகளை, அதாவது போனில் ஆப் ஏற்றும் கோப்புகளை, திறக்கவே கூடாது. ஓய்வூதியர் நேர்காணல் சமயத்தில், ‘உயிர்வாழ்ச் சான்றுக்கு ஓ.டி.பி. சொல்லுங்கள்’ என்று வரும் அழைப்புகளும் இதே ரகம்தான். கருவூலம் போனில் ஓ.டி.பி. கேட்காது.

வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் ஒன்று சொல்லுங்கள். அப்பாவின் பணம் போய் இறங்கிய கணக்குகளில் பல, சில ஆயிரம் ரூபாய்க்கு வாடகைக்கு விடப்பட்டவையாக இருக்கும். ‘அக்கவுண்டையும் சிம்மையும் கொடு, மாதம் ஐந்தாயிரம் தருகிறேன்’ என்று கேட்பார்கள், பையனுக்கு அதன் பின்னணி தெரியாது. போலீஸ் முதலில் வந்து நிற்பது அந்தப் பையன் வீட்டு வாசலில்தான். கம்போடியா, மியான்மர் பக்கம் டேட்டா என்ட்ரி வேலை என்று அழைத்துப் போய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்து, இதே மாதிரிப் போன் பேச வைக்கிறார்கள். 2022இல் மியான்மரின் மியாவாடியிலிருந்து தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்கப்பட்டு வந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

கடைசியாக ஒரு வேலை, அதை அப்பாவிடமே கொடுங்கள். சைபர் கிரைம் நிலையத்தில் நடந்ததை நாள், நேரம் வாரியாக எழுதித் தரச் சொல்வார்கள். அதை நீங்களோ அண்ணனோ எழுத வேண்டாம். ஒரு முழுத்தாள் கோடு போட்ட காகிதத்தையும் பேனாவையும் அவரிடம் கொடுத்து, ‘அப்பா, நீங்க எழுதினாத்தான் சரியா வரும்’ என்று சொல்லுங்கள். முதல் போன் எத்தனை மணிக்கு வந்தது, எந்த எண், என்ன பெயர் சொன்னான், எப்போது வங்கிக்குப் போனார் என்று ஒன்று விடாமல் எழுதுவார். யூ.டி.ஆர். எண்ணை ஸ்டேட்மென்ட்டோடு ஒப்பிட்டு இரண்டு முறை சரிபார்ப்பார். விடைத்தாள் திருத்திய கை அது. மனுவை எடுத்துக்கொண்டு போகும்போது அவரையும் கூட அழைத்துப் போங்கள், அண்ணன் பக்கத்தில் உட்காரட்டும்.

எவ்வளவு தொகை ஹோல்டு ஆகியிருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு எழுதுங்கள். கோர்ட் மனுவோடு வைக்க வேண்டிய வங்கிக் காகிதங்கள் என்னென்ன என்பதைப் பார்த்துச் சொல்கிறேன்.